தொங்கும் சாட்சி: உப்பு, பன்றி, ஆண்டு முழுவதுக்குமான இறைச்சி

கோவாவின் மாப்புசா நகரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் 'சொரீஸ்' விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பன்றிக்கறியைத் துண்டு துண்டாக நறுக்கி, உப்பும் மிளகாயும் காடியும் சேர்த்து ஊறவைத்து, குடலுக்குள் திணித்து, நூலால் கட்டிக் கட்டிக் காயவைத்த கருஞ்சிவப்பு மணிகள். மாலை மாலையாகத் தொங்கும். மிகச் சிறிய மணிகளாகக் கட்டியதற்கு ஜெபமாலை என்றே பெயர். எண்ணித்தான் விற்கிறார்கள். கூட வந்த நண்பர், பூக்கடை மாதிரி இருக்கு பார் என்றார். எனக்குப் பூக்கடை ஞாபகம் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில், இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே கட்டிய கொடியில் அம்மா காயப்போட்ட உப்புக்கண்டம்தான் ஞாபகம் வந்தது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் கொடிதான். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த புதிதில் அம்மா ஒரு முறை வந்து தங்கினாள். ஊரிலிருந்து கண்டம் எடுத்து வந்திருந்தாள். கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கிறது என்று மொட்டைமாடியில் ஒரு முறத்தில் பரப்பி வைத்தாள். சாயந்திரத்துக்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். 'சமைச்சு சாப்டறதை யார் கேக்கறா சார், அது உள்ள நடக்குது. இது வெளியே தெரியறாப்ல இருக்கே' என்றார். அடுத்த மாசம் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். அந்த ஆளின் பேச்சில் ஒரு கோட்பாடு இருக்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. சமைத்த கறி சாப்பிட்டதும் காணாமல் போய்விடுகிறது. காய்ந்த கறி இருக்கிறது. நாட்கணக்காக, மாதக்கணக்காக இருக்கிறது. அது உணவு மட்டுமல்ல, சாட்சியும்கூட.

உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர்கள் உடனே லெவிஸ்ட்ராசுக்குப் போய்விடுவார்கள். பச்சை, சமைத்தது, அழுகியது என்று அவர் 1960களில் போட்ட முக்கோணம் பிரசித்தம். அதில் புகைபோட்ட இறைச்சிக்கும் இடமுண்டு: நெருப்புக்கும் கறிக்கும் நடுவில் காற்று நிற்பதால் அது சுட்டதிலிருந்து வேறுபடுகிறது, நீண்ட நேரம் பிடிப்பதால் கலாச்சாரத்தின் பக்கம் சாய்கிறது என்பார். நல்ல வாதம்தான். ஆனால் அந்த முக்கோணத்தில் யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை. கறி யார் வீட்டில் தொங்குகிறது, அதை யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்கிற கேள்வி அமைப்பியலுக்குள் வருவதில்லை. நான் பேச விரும்புவது அதைத்தான்.

இதற்கு ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஸ்பெயினில் 1478இல் மதவிசாரணை மன்றம் அமைகிறது. 1492இல் யூதர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்படுகிறார்கள். பெருந்தொகையானோர் போர்ச்சுக்கலுக்கு ஓடுகிறார்கள். அங்கே 1497இல் கட்டாய ஞானஸ்நானம். 1536இல் அங்கும் விசாரணை மன்றம் வந்துவிடுகிறது. இப்படி மதம் மாற்றப்பட்டவர்களுக்குப் 'புதுக் கிறிஸ்தவர்' என்று பெயர். தலைமுறைகள் கடந்தும் அவர்கள் புதியவர்கள்தான். (நம் ஊரில் நான்கு தலைமுறைக்கு முன்னால் வேதத்தில் சேர்ந்தவனுக்கும் பழைய சாதிப் பெயரே நிலைப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) இவர்கள் மனசுக்குள் யூதர்களாகவே இருக்கிறார்களா என்பதைக் கண்டறிவது எப்படி? மனசைத் திறந்து பார்க்க முடியாது. அடுக்களையைத் திறந்து பார்க்கலாம். சனிக்கிழமை புகை வராத வீடு, வெள்ளிக்கிழமை துணி மாற்றுகிற வீடு, பன்றிக்கறி தின்னாத வீடு என்று அடையாளங்களைப் பட்டியலிட்டு, தெரிந்தவர்கள் வந்து சொல்லும்படி அரசாணைகள் வாசிக்கப்பட்டன. அண்டை வீட்டுக்காரனும் வேலைக்காரியும் விசாரணையின் கண்களாக மாறினார்கள். நவீன அரசு நம் உடம்புக்குள் நுழைந்தது தொழிற்சாலையிலும் சிறைச்சாலையிலும்தான் என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டுச் சொல்கிறோம். அதற்கு முன்பே அது வயிற்றுக்குள் நுழைந்துவிட்டது.

ஐரோப்பியக் கிராமத்தில் பன்றியைக் கொல்வது குளிர்காலச் சடங்கு. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை. குளிர் இருப்பதால் கறி கெடாது; உப்புக்கு ஊறிப்போக அவகாசம் கிடைக்கும். தொடை உப்பில் புதைக்கப்படும், துண்டுக்கறி குடலுக்குள் போகும், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். அடுத்த குளிர்காலம் வரை அதுதான் வீட்டின் இருப்பு. ஆக, ஒரு வீட்டுக்குள் நுழைந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், அங்கே யார் வசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். போர்ச்சுக்கலின் வடகிழக்கில், மிராந்தெலா பக்கத்தில், 'அல்யேரா' என்றொரு வகை உண்டு. பன்றிக்குப் பதிலாகக் கோழி முதலான கறியையும் ரொட்டியையும் பூண்டையும் போட்டுக் குடலில் அடைத்தது. மறைந்து வாழ்ந்த யூதர்கள் அக்கம்பக்கத்தாரை ஏமாற்றுவதற்காக இதைச் செய்து தொங்கவிட்டார்கள் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். இது பின்னால் கட்டிய கதை, மிஞ்சிய ரொட்டியை வீணாக்காத ஏழைகளின் சிக்கனம்தான் அது என்று மறுக்கிறவர்களும் உண்டு. எனக்குக் கதை உண்மையா என்பதைவிட, கதை ஏன் நம்பும்படியாக இருக்கிறது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. தொங்குகிற கறி உன்னைக் காட்டிக்கொடுக்கும், ஆகவே அதைப் பொய் சொல்ல வைக்க வேண்டும் என்கிற அனுபவம் அந்த மண்ணில் இருந்திருக்கிறது.

இந்தச் சாமான்கள் எல்லாம் கப்பல் ஏறி நம் பக்கம் வந்தன. 1510இல் அல்புகெர்க் கோவாவைப் பிடித்தான். 1560இல் விசாரணை மன்றம் வந்தது. நடுவில் 1774 முதல் 1778 வரை நின்று, பிறகு 1812இல்தான் ஒழிந்தது. 1774 வரையிலான காலத்தில் மட்டும் 16,000க்கு மேற்பட்டோர் அதன் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். தொடக்கத்தில் அது தேடிவந்தது உள்ளூர் ஆட்களை அல்ல, லிஸ்பனிலிருந்து தப்பி வந்த புதுக் கிறிஸ்தவர்களை. கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் 1534இல் கோவா வந்தவர். இந்தியாவின் மூலிகைகள், மருந்துச் சரக்குகள் பற்றி அவர் எழுதிய உரையாடல் நூல் 1563இல் கோவாவிலேயே அச்சானது. 1568இல் படுக்கையில் செத்தார். மறு வருஷம் அவருடைய சகோதரி காதரீனாவை எரித்தார்கள். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளைத் தோண்டியெடுத்து அவற்றையும் எரித்தார்கள். இஞ்சியும் பெருங்காயமும் பற்றி நமக்கெல்லாம் எழுதிவைத்தவனின் எலும்பு, அவன் வீட்டார் ரகசியமாக யாரைக் கும்பிட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக்கப்பட்டது!

பிறகுதான் உள்ளூர் 'மற்றமை' அகப்பட்டது. 1736ஆம் ஆண்டின் ஆணை ஒன்று இருக்கிறது. பிரியோல்கர் 1961இல் வெளியிட்ட கோவா விசாரணை மன்றம் பற்றிய நூல் வழியாக நமக்குத் தெரியவந்த விஷயம் இது. துளசி வைக்கக்கூடாது, வேட்டி கட்டக்கூடாது என்ற வரிசையில், சோறு வடிக்கும்போது உப்புப் போடாமல் இருக்கக்கூடாது என்றும் வருகிறது. இந்துக்கள் உப்பில்லாமல் வடித்து, பிறகு சேர்த்துக்கொள்வார்களாம். நீ கிறிஸ்தவன் என்றால் உலையிலேயே உப்பு போடு. சிரிப்பு வருகிறது இல்லையா? ஒரு சிட்டிகை உப்பு எப்போது விழுகிறது என்பதில் ஒரு சாம்ராஜ்யம் தன் அதிகாரத்தைப் பார்த்துக்கொண்டது.

ஆனால் இங்கே நாம் அவசரப்படக்கூடாது. மிரட்டிப் பன்றி தின்ன வைத்தார்கள், அப்படித்தான் சொரீஸ் வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இன்று பலருக்கும் வசதியாக இருக்கிறது. எந்தப் பலருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆணையால் ஒரு உணவு பிறக்காது. ஆணை போட்டவன் 1812இல் போய்விட்டான், போர்ச்சுக்கீசிய ஆட்சியே 1961 டிசம்பரில் போய்விட்டது. சொரீஸ் போகவில்லை. ஏன் என்று பார்க்க வேண்டும் என்றால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

போர்ச்சுக்கீசியன் கொண்டுவந்தது ஒரு குளிர்நாட்டுத் தந்திரம். கோவாவில் குளிர் இல்லை. அந்த ஊர்ப் பக்குவத்தை அப்படியே செய்தால் மூன்றாம் நாள் புழுத்துப்போகும். ஆகவே அந்தத் தந்திரம் முழுக்கத் தலைகீழாக்கப்பட்டது. குளிர்காலத்தில் கொன்று வெயிலுக்குச் சேர்த்துவைப்பது அங்கே; வெயிலில் செய்து மழைக்குச் சேர்த்துவைப்பது இங்கே. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கறியை நறுக்கி, உப்பு பிசறி, அழுத்தி நீர் இறக்கி, வெயிலில் உலர்த்துகிறார்கள். கறியிலிருக்கிற ஈரத்தை உப்பு பிடித்துவைத்துக்கொண்டால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் கடலோரப் புழுக்கத்தில் உப்பு மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். ஐரோப்பிய சோரிசூவில் அந்தப் புளிப்பு, குளிர்ந்த நிலவறையில் மெதுவாக நொதிக்கும்போது தானாக வரும். இங்கே அதற்கு நேரம் கிடையாது. திராட்சை மதுவும் கிடையாது. தென்னங்கள் இருந்தது. கள்ளைப் புளிக்கவிட்ட காடியைக் கறியில் ஊற்றினார்கள். மது, பூண்டு இரண்டிலும் கறியை ஊறப்போடுகிற போர்ச்சுக்கீசியப் பக்குவம் இதே வழியில்தான் 'விந்தாலு' ஆயிற்று. மிளகாய் அமெரிக்காவிலிருந்து அதே கப்பல்காரர்கள் வழியாக வந்தது. அதோடு மிளகு, சீரகம், மஞ்சள், கிராம்பு, பட்டை, இஞ்சி, பூண்டு. சில வீடுகளில் கொஞ்சம் ஃபெனியும். குடலில் அடைத்துக் கட்டி மறுபடியும் வெயில், அப்புறம் அடுப்புக்கு மேலே புகை.

ஜூனில் மழை இறங்கினால் கடல் மூடிக்கொள்ளும். மீன் கிடையாது. (இன்றைக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.) அந்த மாதங்களுக்கான சேமிப்புக்குக் கொங்கணியில் 'புருமெண்ட்' என்று பெயர். 'ப்ரொவிமெந்து' என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லின் உள்ளூர் வடிவம் அது. மழைக்கு முன்னால் மட்காவ் பரிசுத்த ஆவி கோயில் திருவிழாவை ஒட்டிப் புருமெண்டுக்கென்றே சந்தை கூடும். உப்பு, கருவாடு, மிளகாய், குடம்புளி, சொரீஸ். கருவாடு இந்து வீட்டுக்கும் போகும், கிறிஸ்தவ வீட்டுக்கும் போகும். மழை எல்லோருக்கும் பொது. பம்பாயில் கோவாக் கப்பல் தொழிலாளிகள் ஊர் ஊராகக் கூடித் தங்கிய 'கூட்' என்ற விடுதிகளுக்கும் இந்த மாலைகள் பயணம் போயின. கெடாத கறி கூலித் தொழிலாளியோடு போகும். பிரியாணி போகாது.

சுற்றுலாப் பிரசுரங்களும் ஆங்கில வார இதழ்களும் இதைக் 'கலாச்சாரக் கலப்பு' என்று சொல்லிக் கொண்டாடுகின்றன. கலப்புதான். ஆனால் யார் கை எதில் கலந்தது? கள் இறக்கியவன் 'ரெந்தேர்'. மரமேறிச் சாதி. மதம் மாறினாலும் அந்தத் தொழிலோடு ஒட்டிய தாழ்வு மாறவில்லை. குடலைக் கவிழ்த்துக் கழுவிச் சுரண்டுவது பெண்கள் வேலை. பெரிய வீடுகளில் அது வீட்டுப் பெண்ணின் வேலைகூட அல்ல, அந்த நிலத்தில் குடியிருக்கும் 'முண்ட்கார்' வீட்டுப் பெண்ணின் வேலை. நிலப்பிரபு 'பாட்கார்' நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக முண்ட்காரைக் காலிசெய்யச் சொல்லலாம் என்ற நிலைமைக்கு எதிராகச் சட்டம் வந்தது 1975இல். கோவாக் கத்தோலிக்கருக்குள் பாமொண், சார்தோ, சூதிர் என்று பழைய வருணம் அப்படியே ஞானஸ்நானம் பெற்று உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் பன்றி தின்கிறார்கள். ஒரே பன்றியைத் தின்றும் சாதி போகவில்லை என்பதை, உணவுப் பழக்கத்தை மாற்றினால் சாதி கரைந்துவிடும் என்று நம்புகிற நம் நண்பர்கள் யோசிக்க வேண்டும். மாட்டுக்கறி விருந்து நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. நானும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். விருந்து முடிந்து பாத்திரம் கழுவியது யார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு விஷயம் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். ஐரோப்பாவில் உப்புக்கறியின் செந்நிறத்துக்குக் காரணம் உப்பு அல்ல, அதோடு சேர்க்கும் வெடியுப்பு. துப்பாக்கி மருந்துக்குப் போடுகிற அதே சரக்கு. கிருமிகள் அதை வேறொரு உப்பாக மாற்றுகின்றன, அந்த மாறிய உப்புதான் கறியைச் சிவப்பாக வைக்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வருஷங்களில்தான் புரிந்துகொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவுக்கு வெடியுப்பைப் பெருமளவில் அனுப்பியது பீகார். மாட்டுக்கொட்டிலோரம், மண்சுவரோரம் பூத்த உப்பு மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்தவர்கள் நூனியா சாதியினர். பிளாசிக்குப் பிறகு 1758இல் அந்த வியாபாரத்தின் ஏகபோகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. பீரங்கிக்குப் போனது போக மிச்சம் கசாப்புக்கடைக்கும் போயிருக்கும். வெள்ளைக்காரத் துரையின் தட்டில் இருந்த இளஞ்சிவப்புக்கும் பாட்னா பக்கத்து மாட்டு மூத்திரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எந்தச் சமையல் புத்தகமும் பேசுவதில்லை.

அந்த வெடியுப்பு வெறும் அழகுக்கும் அல்ல. குடலில் அடைத்த கறிக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு நஞ்சு உண்டு. ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில் இதைத் தின்று செத்தவர்களைப் பற்றி 1820இலும் 1822இலும் விரிவாக எழுதியவர் யுஸ்தினுஸ் கெர்னர். ஊர் வைத்தியர், பேர்போன கவிஞரும்கூட. நஞ்சைத் தன் நாக்கிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார். குடல்கறிக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் அந்த நோய்க்கு பொட்டுலிசம் என்ற பெயர் வந்தது. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு கிராமத்து இசைக்குழுவினர் உப்புத்தொடை தின்று நோயுற்றபோது, வான் எர்மெங்கம் என்பவர் கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று அதே நஞ்சு பணக்காரர்களின் முகச்சுருக்கத்தைப் போக்க ஊசியில் ஏறுகிறது. மறுபக்கம், 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுக்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. தினமும் என்பதைக் கவனியுங்கள். மழைக்காலத்துக்காகச் சேர்த்துவைத்ததை வருஷம் முழுக்க, வேளை தவறாமல் தின்னும்படி செய்தது கிராமத்து அடுப்பு அல்ல, தொழிற்சாலை. பஞ்சத்துக்கான காப்பு அங்கே தினசரிச் சரக்காகிவிட்டது.

திரும்புவோம். அதே 2015. உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி பக்கத்துப் பிசாடா கிராமம். ஒரு முஸ்லிம் வீட்டில் மாட்டுக்கறி இருக்கிறது என்று கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். செப்டம்பர் 28 ராத்திரி கும்பல் புகுந்து அந்த வீட்டுப் பெரியவரை அடித்தே கொன்றது. கறியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். செத்தவனைப் பற்றியல்ல, கறி எதனுடையது என்பது பற்றியே மாதக்கணக்காகப் பேச்சு நடந்தது. அந்த வருஷமே மகாராஷ்டிரத்தில் வந்த சட்டத்திருத்தம் மாட்டைக் கொல்வதை மட்டுமல்ல, கறியை 'வைத்திருப்பதையும்' குற்றமாக்கியது. வெளிமாநிலத்தில் அறுத்த கறியை வைத்திருப்பதும் குற்றம் என்ற பகுதியை, அது அந்தரங்க உரிமையில் தலையிடுகிறது என்று சொல்லி, பம்பாய் உயர்நீதிமன்றம் 2016 மே மாதம் ரத்துசெய்தது. லிஸ்பனில், பன்றிக்கறி தொங்காத வீட்டைத் தேடினார்கள். இங்கே, மாட்டுக்கறி இருக்கிற வீட்டைத் தேடுகிறார்கள். அங்கே இல்லாமை சாட்சி, இங்கே இருப்பு சாட்சி. வீட்டுக்காரர் மொட்டைமாடியில் கண்டதும் அதுவேதான், அவர் கையில் தடி இல்லை, வாடகை ஒப்பந்தம் இருந்தது.

இதற்குப் பதிலாக உப்புக்கண்டத்தைத் தூக்கிக் கொடியாக ஏற்றிவிடலாமா என்றால் அங்கேயும் தயக்கமாக இருக்கிறது. சங்கப் பாட்டில் 'வாடூன்' என்ற சொல் இருக்கிறது, ஆகவே இது ஆதித்தமிழன் உணவு என்று பெருமிதப்பட ஆட்கள் இருக்கிறார்கள். வாடூன் உண்டவர் பாட்டில் இருக்கிறார், கண்டம் காயப்போட்டவள் சேரியில் இருந்தாள். நடுவில் நடந்ததைப் பற்றிப் பெருமிதம் பேசாது. அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டைத் தின்பதை விட்டுவிடச் சொன்னார். 1948இல் தீண்டப்படாதார் பற்றி எழுதிய புத்தகத்தில், மாட்டிறைச்சி உண்டதோடு தீண்டாமையின் தோற்றத்தை இணைத்து வாதிட்டார். எங்கள் ஊரில் பெரியப்பா ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, 'செத்த மாட்டை இனி யாரும் தொடக்கூடாது' என்று பஞ்சாயத்தில் நின்றார். அவரிடம் போய் உணவுதான் நம் அடையாளம் என்று சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். அம்மா வேறு மாதிரி. அவளுக்கு அது வெட்கமும் இல்லை, கொடியும் இல்லை. 'ஐப்பசியில மூணு நாள் அடைமழை. கூலி இல்ல. கண்டம் இருந்துச்சு. ரெண்டு துண்டை நெருப்புல காட்டி, அம்மியில வெச்சு நசுக்கி, கூழுக்குத் தொட்டுக்கிட்டீங்க. அவ்ளோதான்' என்பாள்.

மாப்புசாவில் வாங்கிய ஒரு மாலையைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். ரயில் பெட்டி முழுக்கக் காடி வாசனை. பக்கத்தில் இருந்தவர் ஊறுகாயா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அம்மா அப்போது என்னோடு இருந்தாள். எடுத்து மோந்து பார்த்தாள். ஒரு மணியை அமுக்கிப் பார்த்தாள்.

'உள்ள இன்னும் ஈரம் இருக்குடா. ரெண்டு வெயில் காட்டணும்' என்றாள்.

மாடிக்கு வேண்டாம் என்றேன். சமையலறை ஜன்னல் கம்பியில், உள்பக்கமாகப் பார்த்து மாட்டினாள்.